பூட்டிய கழிப்பறைக்கு முன்னால் ஒரு வாங்கு

நாங்கள் இருப்பது லண்டனின் ஓரத்தில். லண்டன் என்றதும் யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் நினைக்கிற ஆறும் பாலமும் இங்கே கிடையாது. ஒரு கடைத்தெரு, ஒரு நூலகம், பஸ்கள் வந்து திரும்பும் ஒரு சின்னச் சதுக்கம், அவ்வளவுதான். சதுக்கத்தின் மூலையில் சிவப்புச் செங்கல்லால் கட்டிய ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. நான் சொல்லப்போவது அந்தக் கழிப்பறையைப் பற்றி. மூக்கைப் பிடிக்க விரும்புகிறவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

என் கணவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வயதான ஆண்களுக்கு வரும் புரஸ்டேட் வீக்கம் அவருக்கும் வந்தது. சலம் வந்தால் அடக்க முடியாது. பெற்றோல் ஸ்டேஷனில் தனியாக இரவு ஷிப்ட் செய்த காலத்தில், கடையை விட்டு அசைய முடியாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு நின்ற மனிதர் இவர். அந்தக் கடனையெல்லாம் உடம்பு இப்போது வசூலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். நான் நம்பவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் காலையில் சதுக்கத்துக்குப் போவதுதான். அவரைப் போலவே வேலை முடித்த நாலைந்து தமிழர்கள் அங்கே நூலகத்து மதிலில் சாய்ந்து நின்று உலகத்தை நடத்துவார்கள். கொழும்பில் யார் கவிழ்வார், இங்கே யார் வருவார், மோர்டனில் யார் வீடு விற்றார், எல்லாம் அங்கே தீர்மானமாகும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை. ஆனாலும் ஒருவர் வராவிட்டால் மற்றவர்களுக்குப் பொழுது விடியாது.

எனக்கும் அதில் லாபம் இருந்தது. வீட்டில் இருந்தால் அவர் வாய் திறப்பது சாப்பிடத்தான். சதுக்கத்துக்குப் போய்வந்தால் நான் சமைக்கும்போது குசினி வாசலில் நின்று அன்றைய வழக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னோடு அதிகமாகப் பேசியது அந்தக் காலத்தில்தான். ஒரு மனிதர் வெளியே போய் நின்று கதைத்துவிட்டு வருவதற்கு ஒரு கழிப்பறை காரணமாக இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கவுன்சில்காரருக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் கழிப்பறைக் கதவில் பெரிய பூட்டு ஒன்றும், கவுன்சிலின் அறிவித்தல் ஒன்றும் தொங்கின. பணம் இல்லையாம். கடினமான முடிவாம். கடினமான முடிவு எடுத்தவர்களின் வீட்டில் தலா எத்தனை கழிப்பறை என்று அந்த அறிவித்தலில் போடவில்லை.

பணம் இல்லை என்று சொன்ன வாய் மூடுவதற்குள் சதுக்கத்தின் நடுவில் ஒரு பெரிய மின்திரையை நட்டார்கள். இரண்டு ஆள் உயரம். அதற்கு ஆன செலவைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். என் கணவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். அந்தத் திரை நேரம் சொல்லும், வெப்பநிலை சொல்லும், இடையிடையே கவுன்சிலர்கள் மரம் நடும் படத்தைக் காட்டும். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவனைப் பார்த்து, இப்போது மழை பெய்கிறது என்று சொல்லும். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாரிவிட்டார்கள். நெய்யையாவது சாப்பிடலாம்.

கேட்டவர்களுக்குக் கவுன்சிலில் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்கள். கடைகளில் உள்ள கழிப்பறைகளைப் பொதுமக்கள் பாவிக்கலாமாம், அப்படி ஒத்துக்கொண்ட கடைகளின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமாம். எங்கள் சதுக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது ஒரே ஒரு கபாப் கடையில். கழிப்பறை நிலத்துக்குக் கீழே, ஏணிபோல் செங்குத்தான படி, கதவுக்கு முன்னால் வெங்காய மூட்டை. முழங்கால் நோவோடு அந்தப் படியில் இறங்குகிறவர் மேலே வர அம்புலன்ஸ்தான் பிடிக்க வேண்டும். கோப்பிக் கடையில் போகலாம், ஆனால் கோப்பி வாங்க வேண்டும். குடித்த கோப்பி அடுத்த பஸ் வருவதற்குள் தன் வேலையைக் காட்டும். எங்கள் ஆட்களின் மளிகைக் கடையில் என் கணவர் கேட்டார். “பின்னுக்கு அரிசி மூட்டை அடுக்கியிருக்கு அண்ணை, காலடி வைக்க ஏலாது” என்றார் முதலாளி. முப்பது வருடமாக எங்களுக்கு அரிசி விற்ற முதலாளி.

என் கணவர் தனக்குத் தெரிந்த வழியைக் கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். காலையில் தேத்தண்ணியைக் கையால் தள்ளிவிட்டு, உதடு காய்ந்துபோய் சதுக்கத்துக்குப் போவார். மதியம் வந்துதான் வாய் நனைப்பார். எனக்கு இது தெரிய வந்தபோது அவருக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது, சலத்தில் கிருமி. ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன டாக்டர் பெண், சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நிலைமை மோசமாகும் என்று என்னைத்தான் பார்த்துச் சொன்னாள், ஏதோ நான் தண்ணீர்ப் பானையைப் பூட்டிவைத்தது போல.

“குடிச்சால் போகேலாது, போனால் குடிக்கேலாது” என்றார் அவர் கட்டிலில் கிடந்தபடி. “எது வேணும் எண்டு நீரே சொல்லும்.”

எனக்கு இரண்டும் வேண்டும். தண்ணீர் குடிக்கிற கணவரும் வேண்டும், வெளியே போய்வந்து கதைக்கிற கணவரும் வேண்டும். ஒரு பூட்டைத் திறந்தால் இரண்டும் கிடைக்கும்.

அந்த நாட்களில் அவருடைய தங்கை, என் மச்சாள், ஆஸ்பத்திரிக் கதை கேட்கப் போன் எடுத்தாள். அவள் வேல்ஸில் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறாள். நான் கழிப்பறைக் கதையைச் சொல்லி அழாத குறை. அவள் சிரித்தாள்.

“மச்சாள், நீங்கள் லண்டனிலை இருந்துகொண்டு அழுறியள். எங்கட ஊர் ரோட்டிலை குழி விழுந்து குளமாக் கிடக்கு. கவுன்சில்காரர் என்ன செய்தவை தெரியுமே? ஊர் வாசலிலை பெரிய இரும்பு டிராகன் ஒண்டு செய்து வச்சிருக்கினம். இருட்டினால் கண் சிவப்பா எரியும்.”

“எதுக்கு?”

“வெளியூர்ச் சனம் வந்து பாக்கவாம்.”

“வந்தவையே?”

“வந்தவை. வந்து படம் எடுத்துப்போட்டு, கடைக்குள்ள வந்து கக்கூஸ் எங்கை எண்டு என்னட்டைக் கேட்டவை.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிந்ததும் என் மனிதர் கட்டிலில்தான் கிடந்தார். அவர் தேறி வீட்டுக்கு வந்த பிறகு நான் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போனேன். நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கவுன்சில் வாசலில் ஒருநாள் போய் நின்றால் என்ன என்று கேட்டேன். தலைவர் பதறிப்போனார்.

“ஐயோ அக்கா, எங்கட ஆக்கள் எப்பவும் முறைப்பாடு சொல்லுறவை எண்டு பேர் வந்திடக் கூடாது. கவுன்சிலரை ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுவம். ஒரு பொன்னாடை போர்த்தினால் மனிசன் குளிர்ந்திடுவார். பிறகு நைசாக் கேக்கலாம்.”

இதுதான் எங்கள் ஆட்களின் வருத்தம். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அதிகாரத்தில் ஒருவனைக் கண்டால் போதும், கை தானாகப் பொன்னாடையைத் தேடும். செய்தவனுக்கும் பொன்னாடை, செய்யாதவனுக்கும் பொன்னாடை, கெடுத்தவனுக்குச் சரிகை கொஞ்சம் அகலமான பொன்னாடை. லண்டனின் அந்தக் கோடி செவன் கிங்ஸில் இருந்து இந்தக் கோடி மோர்டன்வரை எத்தனை வெள்ளைக்காரக் கவுன்சிலர்களின் அலுமாரியில் எங்கள் பொன்னாடைகள் மடித்தபடி கிடக்கின்றனவோ. அதை என்ன செய்வது என்று தெரியாமல் நாய்க்கு விரித்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, கூப்பிடுங்கள், ஆனால் வரவேற்புரையில் கழிப்பறை விஷயத்தை நேராகச் சொல்லுங்கள் என்றேன். தலைவர் முகம் சுருங்கியது.

“மேடையிலை குத்துவிளக்கு எரியும், பக்கத்திலை சரஸ்வதி படம் இருக்கும். அதுக்கு முன்னாலை நிண்டு கக்கூஸ் எண்டு சொல்லுறதே அக்கா?”

“இங்கிலிசிலைதானே சொல்லப் போறியள்?”

“சரஸ்வதிக்கு எல்லாப் பாஷையும் விளங்கும்” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆண்டு விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் பரதம் ஆடி முடித்ததும் கவுன்சிலரை மேடைக்கு அழைத்தார்கள். மாலை, பொன்னாடை, சந்தனம், எல்லாம் நடந்தது. நெற்றியில் வைத்த பொட்டு மூக்கில் உதிர, மனிதர் மெய்மறந்து நின்றார். தலைவர் நல்ல ஆங்கிலத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். வந்தாரை வாழவைக்கும் இந்த நாடு, எங்கள் பண்பாடு, எங்கள் பிள்ளைகளின் கல்வி என்று ஊரைச் சுற்றிவிட்டு, கடைசியில், எங்கள் மூத்தவர்கள் சதுக்கத்தில் கூடும்போது அவர்களுக்குச் சில அடிப்படை வசதிகள் குறைவாக உள்ளன, அதைக் கவனிக்கும்படி பணிவோடு கேட்கிறோம் என்று முடித்தார்.

என்ன வசதி என்று சொல்லவில்லை. சபையில் இருந்த எங்களுக்குத் தெரியும். சரஸ்வதிக்கும் தெரிந்திருக்கும். தெரியாத ஒரே ஆள் பொன்னாடையோடு நின்ற அந்த மனிதர்தான். அவர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். கட்டாயம் செய்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், “பாத்தியளே அண்ணை, பக்குவமாக் கேட்டால் எல்லாம் நடக்கும்” என்றார்.

நடந்தது. சொன்னபடியே செய்தார்கள், அதை மறுக்க முடியாது. சில மாதம் கழித்துச் சதுக்கத்தில் தகரம் அடித்து மறைத்து வேலை தொடங்கினார்கள். கழிப்பறையைத் திருத்துகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொன்னார்கள். தகரத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்தது ஒரு வாங்கு. உட்காருகிற வாங்குதான், ஆனால் பாம்பு போல வளைந்து நெளிந்து, விலை உயர்ந்த மரத்தில், ஒரு கலைஞரைக் கொண்டு செதுக்குவித்தது. பின்பக்கத்தில் மயில், தாமரை, யானை. யானைக்குப் பக்கத்தில் என் கணக்குப்படி ஒட்டகமும் ஒன்று இருந்தது. எந்த ஊர் ஒட்டகம் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. தமிழ் மூத்தவர்கள் அமர்ந்து அளவளாவ ஓர் இடம் என்று அதில் ஒரு தகட்டில் பொறித்திருந்தார்கள். பூட்டிய கழிப்பறையின் கதவுக்கு நேர் முன்னால் போட்டிருந்தார்கள், அந்த அசிங்கமான கதவு மறையட்டும் என்று.

கோபப்பட வேண்டிய சங்கம் பூரித்துப்போனது. எங்கள் பெயரால் ஒரு வாங்கு! திறப்பு விழாவுக்குத் தலைவர் மறுபடி ஒரு பொன்னாடை வாங்கினார். திறந்ததும் முதலில் அதில் உட்கார மூத்தவர்கள் வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று கவுன்சிலில் கேட்டார்களாம். தலைவர் என் கணவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

“போகாதேங்கோ” என்றேன். “எவ்வளவு நேரம் நிக்க வைப்பினமோ தெரியாது.”

“நீர் சும்மா இரும். அவையள் எல்லாரும் வருவினம். நான் மட்டும் வராட்டி என்ன நினைப்பினம்?” என்றார் அவர். நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நானும் கூடவே போனேன்.

பத்து மணி விழாவுக்குக் கவுன்சிலர் பத்து மணிக்கு வரவில்லை. வேறு எங்கோ வேறு எதையோ திறந்துகொண்டிருந்தாராம். நாங்கள் குளிரில் நின்றோம். அந்தப் பெரிய திரை, குளிர் எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. என் கணவர் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறுவதை நான் கண்டேன். “வீட்டை போவம்” என்றேன் மெதுவாக. “கொஞ்சம் பொறும், வந்திடுவார்” என்றார். கவுன்சிலர் வந்தார். பேசினார். கூட வந்தவர் பேசினார். வாங்கைச் செதுக்கிய கலைஞர் மரத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். நாடாவை வெட்டினார்கள். மூத்தவர்களை உட்காரச் சொன்னார்கள்.

என் கணவர் நடுவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகம் மாறியது. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அதைப் புரிய ஒரு நொடி போதும். எழும்ப முயன்றார். முடியவில்லை. அவருடைய சாம்பல் நிறக் காற்சட்டை கறுத்துக்கொண்டு வந்தது, வாங்கின் விளிம்பில் இருந்து சொட்டத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். மற்ற எல்லோரும் வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

தலைவர் கையில் தட்டு, தட்டில் பொன்னாடை, கவுன்சிலரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் குறுக்கே போய் அதை எடுத்தேன். பறித்தேன் என்றுதான் சங்கத்தில் இன்றும் சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். அதை விரித்து என் மனிதரின் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். கட்டும்போது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. அவ்வளவு பேரையும் அந்த இடத்திலேயே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. பின்னால் படக்காரன் கமெராவை அழுத்திக்கொண்டே இருந்தான். எங்களை யாரும் தடுக்கவில்லை, யாரும் கூட வரவும் இல்லை. பஸ்ஸில் ஏற அவர் மறுத்துவிட்டார். வீடுவரை நடந்தே வந்தோம்.

அடுத்த மாதம் கவுன்சில் எல்லா வீட்டுக்கும் இலவசமாகப் போடுகிற பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. உள்பக்கத்தில் அரைப் பக்கத்துக்குப் படம். வாங்கு, மயில், நடுவில் இடுப்பில் சரிகைப் பொன்னாடையோடு என் கணவர். தமிழ் மூத்தவர் ஒருவர் தம் பாரம்பரிய உடையில் புதிய வாங்கில் அமர்ந்து மகிழ்கிறார் என்று கீழே எழுதியிருந்தார்கள். அதை நான் குப்பையில் போடுவதற்கு முன் அவர் பார்த்துவிட்டார். பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கவுன்சிலர் கிழமையில் ஒருநாள் நூலகத்தில் மக்களைச் சந்திப்பார். நான் போனேன். பக்குவம், பணிவு எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களுக்கு வேண்டியது வாங்கு இல்லை, கக்கூஸ். நீங்கள் பூட்டியதால் என் கணவர் உங்கள் வாங்கிலேயே சலம் போய்விட்டார். மற்றவர்களுக்கு முன்னால். இனி எப்படி அவர் வெளியே வருவார்?

கவுன்சிலர் மிகவும் கவலையோடு கேட்டார். கவலையோடு கேட்பதற்கு அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களோ தெரியாது. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, அதைப் பற்றி நீங்கள் வருந்தவே வேண்டாம், அந்த மரத்துக்குக் கறை பிடிக்காத பூச்சுப் பூசியிருக்கிறது, அதற்கென்றே கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தோம் என்றார்.

நான் எழும்பி வந்துவிட்டேன். இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேச?

அவர் சதுக்கத்துக்குப் போவதை நிறுத்தியதும் நண்பர்கள் ஓரிரு தடவை வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் மதிலில் சாய்ந்து நின்று அரசாங்கங்களைக் கவிழ்க்கிறவர்கள், என் சோபாவில் வரிசையாக உட்கார்ந்ததும் பேச்சு வராமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல, சுகமா என்று கேட்டார்கள், சுகம் என்றார், எழும்பிப் போனார்கள். பிறகு வருவது நின்றுபோனது. குசினி வாசலில் இப்போது யாரும் வந்து நிற்பதில்லை. நான் றேடியோவைப் போட்டுவிட்டுச் சமைக்கிறேன்.

போன கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரத்தம் சோதித்த முடிவைப் பார்த்து டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சிறுநீரகம் எவ்வளவோ தேறிவிட்டது, தண்ணீர் நன்றாகக் குடிக்கிறார் போல் இருக்கிறது, இப்படியே தொடரட்டும் என்று அவரைப் பாராட்டினார். திரும்பிவர வாடகைக் காரில் ஏறிய பிறகு, “நல்ல செய்திதானே, ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“ஓம், நல்லதுதான்” என்றார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். “இனி நான் எங்கை போகப் போறன்? வடிவாக் குடிக்கலாம்.”